தோன்றாத் துணை: கல் மிதந்த கரையில் ஒரு கேள்வி

கேள்வி இதுதான்: "என் அக்காவின் மகள் ஆறு வயதில், 2004 சுனாமியில், கடலூர்க் கரையில் போய்விட்டாள். அன்றிலிருந்து அக்கா வீட்டில் விளக்கு ஏற்றுவதில்லை. உறவுக்காரர்கள் எல்லாம் வினை என்கிறார்கள். எனக்குச் சாமி நம்பிக்கை போகவில்லை. ஆனால் திருப்பாதிரிப்புலியூர் கோயிலில் போய் நின்றால், கல்லோடு கட்டிக் கடலில் தள்ளிய அப்பரைக் கரை சேர்த்த சாமி அந்தப் பிள்ளையை ஏன் சேர்க்கவில்லை என்று தோன்றாமல் இருப்பதில்லை. அக்காவுக்கு என்ன சொல்வது? எனக்கு நானே என்ன சொல்லிக்கொள்வது?"

கடைசி இரண்டு வரியையும் நீங்களே பிரித்துக் கேட்டுவிட்டீர்கள். அதுவே பாதி வேலை. அக்காவிடம் இருப்பது காயம். உங்களிடம் இருப்பது கேள்வி. காயத்துக்கு விளக்கம் சொல்லப் போவதும், கேள்விக்கு "விடு, எல்லாம் சரியாயிடும்" என்று தட்டிக்கொடுப்பதும் நம் வீடுகளில் நாள்தோறும் நடக்கின்றன. அதனால் காயமும் ஆறுவதில்லை, கேள்வியும் தீர்வதில்லை.

முதலில் அக்கா. துக்கம் கேட்கப் போகிறவர்கள் நல்ல மனத்தோடு சொல்லும் சில வாக்கியங்கள் உண்டு: "போன ஜென்மத்துல என்ன பாவமோ", "நல்லவங்களைத்தான் சாமி சீக்கிரம் கூப்பிட்டுக்கும்", "அவ ஆயுசு அவ்வளவுதான்", "இன்னொண்ணு பெத்துக்கலாம்மா". நாலும் ஏன் தப்பு என்று பார்த்துவிட்டால் ஐந்தாவதாக ஒன்றை நீங்களும் சொல்லிவிட மாட்டீர்கள். முதலாவது, பிள்ளையைப் பறிகொடுத்தவளையோ அந்தப் பிள்ளையையோ குற்றவாளி ஆக்குகிறது. இரண்டாவது, சாமியைப் பிள்ளை பிடிப்பவன் ஆக்குகிறது. மூன்றாவது, பெற்றவள் இரவெல்லாம் போட்டு உருட்டும் "நான் அன்னைக்கு அவளைக் கரைக்கு அனுப்பாம இருந்திருந்தா" என்ற எண்ணத்தைக் கேட்க மறுத்துக் கதவைச் சாத்துகிறது. நாலாவதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

பைபிளில் யோபுவின் கதை இதை மிகத் துல்லியமாகக் காட்டுகிறது. பத்துப் பிள்ளைகளையும் சொத்தையும் உடல்நலத்தையும் இழந்து சாம்பலில் உட்கார்ந்திருப்பவனைப் பார்க்க மூன்று நண்பர்கள் வருகிறார்கள். ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தை பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த ஏழு நாளும் அவர்கள் செய்தது சரி. பிறகு வாயைத் திறந்து, நீ ஏதோ செய்திருக்கிறாய், கடவுள் காரணமில்லாமல் தண்டிக்க மாட்டார் என்று வாதிடத் தொடங்குகிறார்கள். கடைசியில் கடவுள் கோபித்துக்கொள்வது, தன்னை நேருக்கு நேர் நின்று கேள்வி கேட்ட யோபுவிடம் இல்லை. தனக்காக வாதாடிய அந்த மூவரிடம்தான். "என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை" என்கிறார். கடவுளைக் காப்பாற்றுவதற்காகத் துன்பப்படுகிறவர் மேல் பழியைப் போடாதே என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எந்த மத நூலிலும் கிடைப்பது கடினம்.

அக்கா விளக்கு ஏற்றாமல் இருப்பதைச் சரிசெய்ய வேண்டிய குறையாகப் பார்க்காதீர்கள். அது ஒரு வழக்கு. அவர் சாமியோடு வழக்கில் இருக்கிறார். தமிழில் இதற்கு நீண்ட மரபு உண்டு. ஒரு வீட்டில் சாப்பறை, இன்னொரு வீட்டில் கல்யாண முழவு என்று இருப்பதைப் பார்த்த சங்கப் புலவர் பக்குடுக்கை நன்கணியார், இப்படிப் படைத்தவன் பண்பு இல்லாதவன் என்றே புறநானூற்றில் பாடிவிட்டார். பிச்சை எடுத்துத்தான் உயிர்வாழ வேண்டும் என்றால் உலகைப் படைத்தவன் அலைந்து கெடட்டும் என்று குறள் சபிக்கிறது. கண் இழந்த சுந்தரர் திருவாரூரில் நின்று, அடியார்கள் படும் பாட்டைப் பார்த்துக்கொண்டு "வாழ்ந்து போதீரே", நீரே நன்றாக வாழ்ந்துவிட்டுப் போம் என்கிறார். அது தேவாரத்தில் இருக்கிறது. ஓதுவார்கள் சந்நிதியில் பாடுகிறார்கள். திட்டுவதற்கு இடம் கொடுத்த மரபில் விளக்கேற்றாமல் இருப்பதற்கு இடம் இருக்காதா?

செய்ய வேண்டியது இவ்வளவே. குழந்தையின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். இருபது வருடம் ஆனபின் பெற்றவளுக்கு மிகப் பெரிய பயம், தன்னைத் தவிர யாரும் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டார்கள் என்பதுதான். பிறந்த நாள், டிசம்பர் 26 இரண்டு நாளும் போன் செய்யாமல் நேரில் போங்கள், கையில் சாப்பாட்டோடு. அவர் அழுதால் நிறுத்தச் சொல்லாதீர்கள். கோயிலுக்குக் கூப்பிடாதீர்கள், அவரே வருகிறேன் என்றால் காரணம் கேட்காமல் கூட நடங்கள். இன்னொன்று. தூக்கம், சாப்பாடு, வேலை எதிலும் ஒட்ட முடியாத நிலை பல வருடமாக அப்படியே இருந்தால், அல்லது செத்துப்போயிடலாம் என்ற பேச்சு ஒருமுறை வந்தால்கூட, அது பக்தி விவகாரம் கிடையாது, மருத்துவம். ஜிப்மரிலும் அரசு மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104 எண்ணும் உண்டு. சாமியாடியிடம் கூட்டிப் போய், செய்வினை கழித்து, ஆறு மாதத்தை வீணாக்காதீர்கள்.

இனி உங்கள் கேள்வி.

தத்துவத்தில் இந்த முடிச்சு நாலு இழையால் ஆனது. கடவுள் எல்லாம் வல்லவர். எல்லாம் அறிந்தவர். முழுக்க நல்லவர். ஆனாலும் துன்பம் இருக்கிறது. நாலையும் ஒன்றாகப் பிடிக்க முடியாது, ஒன்றை விட்டே ஆக வேண்டும் என்று 1955இல் மேக்கி என்ற தத்துவவாதி வாதிட்டார். 1974இல் பிளான்டிங்கா அதற்குச் சொன்ன பதில்: முரண்பாடு என்று நிரூபிக்க வேண்டுமானால், துன்பத்தை அனுமதிக்க நல்ல காரணம் எதுவும் இருக்கவே முடியாது என்று காட்ட வேண்டும். மனிதருக்கு உண்மையான சுதந்திரம் வேண்டும் என்றால் தீமைக்கான வாய்ப்பும் கூடவே வரும் என்பது அப்படி ஒரு காரணமாக இருக்கக்கூடும். இருக்கக்கூடும் என்பதே முரண்பாட்டை உடைக்கப் போதும். தர்க்கமாக இது நிற்கிறது. ஆனால் 1979இல் ரோவ் என்பவர் வேறு பக்கம் வந்தார். காட்டுத்தீயில் சிக்கி, யாரும் பார்க்காமல், பல நாள் துடித்துச் சாகும் ஒரு மான்குட்டியை எடுத்துக்காட்டினார். அந்த வலியால் யாருடைய சுதந்திரம் வளர்ந்தது? யார் பாடம் கற்றார்கள்? முரண்பாடு இல்லை என்று நீங்கள் வாதத்தில் ஜெயித்துவிடலாம்; நம்பும்படி இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. கடலூர்க் கரைக் குழந்தை இந்த இரண்டாவது கேள்வியில்தான் நிற்கிறாள்.

ஐரோப்பாவை இந்தக் கேள்வி உலுக்கியதும் நிலநடுக்கமும் கடல் பெருக்கும் சேர்ந்து வந்த ஒரு நாளில்தான். 1755 நவம்பர் 1, சகல புனிதர்கள் திருநாள். லிஸ்பன் நகரத்தில் காலைப் பூசைக்குத் தேவாலயங்களில் கூட்டம் நிறைந்திருந்தபோது நிலம் நடுங்கியது, கூரைகள் விழுந்தன, பின்னாலேயே கடல் வந்தது, அதற்குப் பின் தீ. இருக்கக்கூடிய உலகங்களில் இதுவே சிறந்தது என்று லைப்னிட்ஸ் 1710இல் எழுதியிருந்த வாதத்தை வோல்டேர் கவிதை எழுதி மறுத்தார். நம் கரையில் அது கிறிஸ்துமஸுக்கு மறுநாள், மார்கழிப் பௌர்ணமி, ஞாயிற்றுக்கிழமை.

அந்தக் காலையைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். சாமி மேல் போடும் கணக்கில் எவ்வளவு உண்மையில் சாமியுடையது என்று பிரிக்க அது உதவும். சுமத்ராவுக்கு அருகே கடலடியில் நம் நேரப்படி காலை 6:29க்கு நிலம் பிளந்தது. அலை இங்கே வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. அந்த இரண்டு மணி நேரத்தில் கடலூர் மீனவக் குப்பங்களான தேவனாம்பட்டினத்துக்கோ சோனாங்குப்பத்துக்கோ ஒரு தகவலும் வரவில்லை. இந்தியப் பெருங்கடலுக்கு அப்போது எச்சரிக்கை ஏற்பாடே கிடையாது. ஹைதராபாத்தில் அந்த மையம் 2007இல்தான் வந்தது. ஆழ்கடலில் இருந்த படகுகளுக்கு அலை ஏறி இறங்கியது பெரிதாகத் தெரியவே இல்லை. ஆழமில்லாத இடத்தில்தான் அது எழுந்து நின்றது. அதனால் கடலுக்குப் போன ஆண்கள் பலர் பிழைத்தார்கள். மீன் வாங்கக் கரையில் காத்திருந்த பெண்களும் ஞாயிறு விடுமுறையில் மணலில் இருந்த பிள்ளைகளும் மாட்டிக்கொண்டார்கள். பிச்சாவரம் பக்கம் அலையாத்திக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு. மாவட்டத்தில் இறந்தவர்கள் அறுநூறு பேருக்கும் மேல்.

கடலடித் தட்டு நகர்ந்தது இயற்கை. மற்ற எல்லாவற்றிலும் மனிதர் கை இருக்கிறது: சொல்ல ஆள் இல்லாதது, காட்டை வெட்டியது, நீச்சல் பெண்பிள்ளைக்குக் கற்றுத்தராதது, ஏழை மட்டும் தாழ்ந்த மணலில் குடியிருப்பது. மனிதர் செய்யத் தவறியதையெல்லாம் கடவுள் கணக்கில் எழுதுவது நமக்கு வசதி. ஆனால் இதைச் சொல்லிக் கடவுளை முழுதாக விடுவித்துவிடவும் முடியாது. தட்டு நகர்ந்தால்தான் கண்டங்கள் உண்டு, மலை உண்டு, நிலையான விதிகளோடு இயங்கும் உலகத்தில்தான் நாம் எதையும் கற்க முடியும் என்பதெல்லாம் சரியான வாதம். எனினும் அது பொது உலகத்துக்கான பதில். ஒரு குழந்தையின் முகத்துக்கு நேரே வைத்தால் அது பதிலாக நிற்காது.

அடுத்தது உறவினர்கள் சொல்லும் வினை. இதை நின்று பேச வேண்டும். காரணம், இந்தக் கோட்பாட்டைக் கூர்மையாக்கியதே உங்கள் மாவட்டத்து மண்தான். சைவ சித்தாந்தத்தை வழிவழியாகக் கற்பித்த ஆசான்களான சந்தானக் குரவர் நால்வரும் இங்கே தொடர்புடையவர்கள்: மெய்கண்டாரும் மறைஞான சம்பந்தரும் பெண்ணாடம், அருணந்தி சிவாசாரியார் பண்ருட்டி அருகே திருத்துறையூர், உமாபதி சிவம் சிதம்பரத்தை ஒட்டிய கொற்றவன்குடி. அவர்கள் சொன்னது தெருவில் புழங்கும் "கர்மா" இல்லை.

சித்தாந்தம் மேக்கியின் முடிச்சில் முதல் இழையையே வேறு மாதிரி நூற்கிறது. கடவுள் ஒன்றுமில்லாததிலிருந்து எல்லாவற்றையும் உண்டாக்கவில்லை. பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (உயிரைக் கட்டும் தளை) மூன்றுக்கும் தொடக்கம் இல்லை. உயிரைப் பற்றியுள்ள ஆணவம் என்ற இருள் செம்பில் களிம்புபோல என்றும் கூடவே இருப்பது. சிவன் அதைப் போடவில்லை. அவன் செய்வது அதை நீக்கும் வேலை. உடம்பும் உலகமும் அந்த வேலைக்கான கருவிகள். வினையோ அறிவற்ற சடம், தானாகப் போய் யாரையும் பிடிக்காது. செய்தவனுக்கு அதைக் கொண்டு சேர்த்து, அனுபவித்துத் தீர்க்க வைக்கிறவன் இறைவன். எனவே "தீமையை ஏன் படைத்தான்" என்ற கேள்வி இங்கே எழவே எழாது. எழுவது வேறொன்று: நீக்க வல்லவன் ஏன் இன்றே நீக்கவில்லை? மலம் என்று சித்தாந்தம் சொல்லும் அந்த இருள் பக்குவப்பட வேண்டும், காய் கனிய வேண்டும் என்பது பதில். மருத்துவன் சில நோயை இனிப்பு மருந்தாலும் சிலதை அறுத்துக் கீறியும் தீர்ப்பான், இறைவன் இன்ப துன்பங்களை ஊட்டி வினையை அறுப்பதும் அப்படியே என்கிறார் அருணந்தியார். சொல் கேளாத பிள்ளையைப் பெற்றவர் வளாரினால் அடிப்பதும் பரிவுதான் என்று இன்னொரு உவமையும் தருகிறார்.

அமைப்பாகப் பார்த்தால் உலகச் சமயங்கள் தந்த பதில்களில் இது மிக வலுவான ஒன்று. கடவுள் நல்லவர் என்பதை அது விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் எங்கே உடைகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அறுக்கும் மருத்துவன் எதற்கு அறுக்கிறான் என்பதை நோயாளியிடம் சொல்வான். அடிபட்ட பிள்ளைக்குத் தான் செய்தது நினைவிருக்கும். ஆறு வயதுக் குழந்தைக்கு இரண்டும் இல்லை. தண்டனை என்று எடுத்தால் இது நிற்காது. வினை கழிகிறது என்று மட்டும் எடுத்தால் ஓரளவு நிற்கும். அதற்கு மேல் ஒன்று: அன்றைக்கு ஒரே காலையில் அத்தனை குப்பத்துக்காரர்களுக்கும் வினை விளைந்தது, மேட்டுத் தெருவில் மாடிவீடு கட்ட முடிந்தவர்களுக்கு மட்டும் விளையவில்லை என்றால், வினை காசு பார்த்து விளைகிறதா? இந்தக் கேள்விக்குத் தயங்காமல் ஆம் என்று சொல்லித்தான் நூற்றாண்டுகளாகச் சேரியையும் குப்பத்தையும் இருந்த இடத்திலேயே வைத்திருந்தார்கள். அது கோட்பாட்டின் பெயரில் நடந்த அநியாயம்.

அப்படியானால் வினையைத் தூக்கிப் போட்டுவிடலாமா? வேண்டாம். அதைப் பயன்படுத்தும் முறை ஒன்று இருக்கிறது. அது உங்கள் கெடிலம் ஆற்றின் கரையிலேயே கிடைக்கிறது.

திருவதிகைக்குப் போயிருப்பீர்கள். தாய் தந்தையைச் சிறு வயதில் இழந்து, நிலையாமையை நினைத்து நினைத்துச் சமணம் போய், பாதிரிப்புலியூர்ச் சமணப் பள்ளியில் பெரிய ஆளாக இருந்த மருள்நீக்கியார், அதாவது பின்னாளில் அப்பர், சூலை நோய் தாளாமல் இரவோடு இரவாக அக்காவிடம் வந்து விழுந்த இடம் அது. அங்கே பாடிய முதல் பாட்டு, நாலாம் திருமுறையின் முதல் பாட்டு:

"கூற்றாயினவாறு விலக்ககிலீர் கொடுமைபல செய்தன நானறியேன்
ஏற்றாய்அடிக்கே இரவும்பகலும் பிரியாது வணங்குவன் எப்பொழுதும்
தோற்றாதென் வயிற்றின் அகம்படியே குடரோடு துடக்கி முடக்கியிட
ஆற்றேன்அடியேன் அதிகைக்கெடில வீரட்டானத்துறை அம்மானே"

வார்த்தை வார்த்தையாகப் பாருங்கள். முதல் சொற்களே புகார்: எமனாக வந்த இதை நீர் விலக்கவில்லையே. பிறகுதான் வினை: கொடுமை பல செய்திருப்பேன், நான் அறியேன். "செய்தன" என்று தன்மேல் எடுத்துக்கொள்கிறார், உடனே "அறியேன்" என்று பூட்டும் போடுகிறார். எந்தக் கொடுமை, எந்தப் பிறவி என்று கணக்கு எழுதவில்லை. அடுத்து வலி எங்கே என்று சொல்கிறார்: வயிற்றுக்குள், கண்ணுக்குத் தெரியாமல், குடரைச் சுருட்டி முடக்குகிறது. கடைசியாக "ஆற்றேன்", என்னால் தாங்க முடியவில்லை. வலியால் நான் பண்பட்டேன் என்றோ, இதுவும் உன் கருணை என்றோ ஒரு சொல் இல்லை.

வினை இங்கே தன்மையில் வருகிறது. நான் செய்திருக்கக்கூடும் என்று. அப்படி வரும்போது அது ஒருவனைப் பணிய வைக்கும், திருத்தும், பழிவாங்கும் எண்ணத்திலிருந்து காக்கும். அதையே முன்னிலையில், நீ செய்தாய் என்று சொன்ன நிமிடம் அது கல்லெறி ஆகிவிடும். படர்க்கையில், அந்தக் குழந்தை செய்தது என்று சொன்னால் இன்னும் மோசம். என் துன்பத்துக்கு நான் வினையைக் காரணமாக எடுத்துக்கொள்ளலாம். அடுத்தவர் துன்பத்துக்கு அந்தக் காரணத்தைச் சொல்ல எனக்கு உரிமை கிடையாது. உங்கள் உறவினர்கள் தவறியது கோட்பாட்டில் இல்லை, இந்த இலக்கணத்தில்.

யோவான் எழுதிய சுவிசேஷத்திலும் பிறவிக் குருடனைக் காட்டி, "யார் செய்த பாவம், இவன் செய்த பாவமோ, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமோ" என்று சீடர்கள் கேட்கிறார்கள். இயேசு இரண்டையும் மறுத்துவிட்டு அவன் கண்ணைத் திறக்கும் வேலையைப் பார்க்கிறார். பரங்கிப்பேட்டை முஸ்லிம் நண்பர்களிடம் கேட்டால் இன்னொன்று சொல்வார்கள். நபிகளின் மகன் இப்ராஹீம் சிறு குழந்தையாக இறந்த நாளில் சூரிய கிரகணம் வந்தது. மக்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள். யாருடைய சாவுக்காகவும் வாழ்வுக்காகவும் சூரியனும் சந்திரனும் மறைவதில்லை என்று நபிகள் சொல்லிவிட்டார். மகனுக்காக அழுதார், கண்ணீர் வடித்தார். வானத்தை அதற்குச் சாட்சி இழுக்கவில்லை. புதுச்சேரியில் 1910 முதல் 1950 வரை வாழ்ந்த அரவிந்தர், உலகத்துக்கு வெளியே உட்கார்ந்து உயிர்களை வதைக்கும் கடவுளை எந்த வாதத்தாலும் நியாயப்படுத்த முடியாது என்று ஒப்புக்கொண்டே தொடங்கினார். உயிர்களாக இருந்து அந்தத் துன்பத்தைத் தாங்குகிறவனும் அவனே என்பது அவர் வழி. அறிவுக்கு அது பெரிய திறப்பு. ஆனால் உங்கள் அக்காவின் சமையலறையில் அதைச் சொல்லிப் பயனில்லை.

திருவதிகைக் கதையில் பாடியவரை எல்லாருக்கும் தெரியும். அக்கா திலகவதியாரைக் கொஞ்சம் கவனியுங்கள். தந்தை இறந்தார், தாய் உடன் போனார், நிச்சயம் செய்திருந்த கலிப்பகையார் போரில் மாண்டார். தானும் உயிரை விடத் துணிந்தவரைத் தம்பி காலைப் பிடித்து நிறுத்தினான். "தம்பியார் உளராக வேண்டும்" என்று வைத்த இரக்கத்தால் உயிர் தாங்கினார் என்கிறது பெரிய புராணம். ஏன் இப்படி நடந்தது என்று அவர் யாருக்கும் விளக்கம் சொன்னதாக ஒரு வரி இல்லை. கோயிலைக் கூட்டினார், மெழுகினார், பூக் கட்டினார், தம்பி திரும்பி வந்தபோது ஏன் போனாய் என்று கேட்காமல் திருநீறு கொடுத்தார்.

துன்பத்துக்குக் காரணம் தேடுவதிலிருந்து, துன்பப்படுகிறவருக்கு நான் என்ன கடன்பட்டிருக்கிறேன் என்பதற்கு நகரும் இந்தத் திருப்பத்தைத் தெளிவான வாதமாக ஆக்கியவர் வடலூர் வள்ளலார். ஜீவகாருண்ய ஒழுக்கம் என்ற நூலில் அவரே எதிராளியின் கேள்வியை எழுப்புகிறார்: முன்வினைக்காகக் கடவுளே ஒருவரைப் பசியில் வைத்திருக்கும்போது, நாம் சோறு போடுவது கடவுள் ஆணைக்கு விரோதம் ஆகாதா? அவர் பதில் அழகானது. கொடிய குற்றம் செய்து விலங்கு பூட்டிச் சிறையில் கிடப்பவனுக்கும் அரசன் தன் சேவகரைக் கொண்டு ஆகாரம் கொடுக்கத்தான் செய்கிறான். அதனால் சோறு போடுவது ஆணையை மீறுவது ஆகாது, ஆணையே அதுதான். வினைக் கோட்பாட்டை அவர் மறுக்கவில்லை. அதைக் காரணமாகக் காட்டிக் கையைக் கட்டிக்கொள்ளும் வழியை மட்டும் அடைத்துவிட்டார்.

பசியை அவர் எழுதியிருக்கும் விதத்தையும் படியுங்கள். கண் பஞ்சடைந்து குழிவது, காது கும்மென்று அடைப்பது, நா உலர்வது, வாக்குக் குளறுவது, மேனி கருகுவது என்று உறுப்பு உறுப்பாகப் போகிறார். துன்பத்தை இவ்வளவு பக்கத்தில் நின்று பார்த்த ஒருவருக்குத்தான் அதற்கு மேல் கடவுளைப் பற்றிப் பேசத் தகுதி வரும் என்று எனக்குப் படுகிறது. 1867 மே 23 அன்று தருமச்சாலையில் ஏற்றிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. கடவுள் ஏன் பசியை வைத்தார் என்ற கேள்விக்கு இந்த மாவட்டம் தந்த பதில் அந்த அடுப்பு.

இப்போது கல்லுக்கு வருவோம். அப்பரைக் கரை சேர்த்தவன் குழந்தையை ஏன் சேர்க்கவில்லை?

இதை மழுப்பக் கூடாது. கல்லோடு பூட்டி நீரில் தள்ளினார்கள், நாமம் சொல்லி உய்ந்தேன் என்று நீலக்குடிப் பதிகத்தில் அப்பரே பாடியிருக்கிறார். பிழைத்தவர் பாடியது அது. நாமம் சொன்னால் எல்லாரும் பிழைப்பார்கள் என்ற உத்தரவாதமாக அதைக் கேட்டால் அன்று கரையில் கூப்பிட்ட ஒவ்வொரு குரலும் அதைப் பொய்யாக்கும். அவர் எந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தார் என்று பாருங்கள். "கற்றுணைப் பூட்டியோர் கடலிற் பாய்ச்சினும் நற்றுணையாவது நமச்சிவாயவே." கல்லைக் கட்டிக் கடலில் எறிந்தாலும் நல்ல துணை ஆவது நமச்சிவாய. மிதக்க வைக்கும் என்று அந்த வரியில் இல்லை. துணை என்று இருக்கிறது. துணை கூட வருவது, மூழ்கும்போதும். கரையேறி வந்து பாதிரிப்புலியூரில் பாடியதாகச் சொல்லும் பாட்டிலோ, "ஈன்றாளுமாய் எனக்கு எந்தையுமாய்" என்று தொடங்கி, "தோன்றாத் துணையாய் இருந்தனன்" என்று முடிக்கிறார். கண்ணெதிரே காப்பாற்றப்பட்ட ஒருவர், காப்பாற்றியவனைக் கண்ணுக்குத் தோன்றாத துணை என்கிறார். நீங்கள் போய் நிற்கும் சந்நிதியில் சாமிக்கே தோன்றாத்துணைநாதர் என்று ஒரு பெயர் உண்டு.

நம்பிக்கையைக் காப்பீடாக வைத்தால் 2004 அதை உடைத்துவிட்டது. உடைந்ததை ஒட்ட முடியாது, ஒட்டவும் வேண்டாம். துணையாக வைத்தால் அது உடையவில்லை. ஆனால் அந்தக் குழந்தைக்கு அந்த நேரத்தில் துணை இருந்தது என்பதை யாரும் நிரூபிக்க முடியாது. நீங்கள் நம்பலாம். நம்புவதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது, ஏற்க மறுப்பதற்கு அக்காவுக்கு உரிமை இருக்கிறது.

கோயிலில் நிற்கும்போது என்ன செய்வது என்று கேட்டால், அதிகைப் பாட்டின் வரிசையையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் புகாரைச் சொல்லுங்கள், வாய்விட்டு, அழகுபடுத்தாமல். உங்களுக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். எங்கே வலிக்கிறது என்று சொல்லுங்கள். தாங்க முடியவில்லை என்றால் அதையும். நன்றி சொல்ல வந்தால் சொல்லலாம். வராத நாளில் வரவழைக்காதீர்கள். பிறகு ஒரு படி அரிசியோ ஒருவர் சாப்பாட்டுக்கான காசோ தனியே எடுத்து, அந்தக் குழந்தையின் பெயரில் பசித்த ஒரு பிள்ளைக்குப் போய்ச் சேரும்படி செய்யுங்கள், மாதம் ஒருமுறை. அவள் புண்ணியத்துக்கு என்று யாரிடமும் சொல்ல வேண்டாம். அவள் பெயரில் என்று மட்டும் சொன்னால் போதும்.

டிசம்பர் 26 அன்று காலையில் தேவனாம்பட்டினக் கரையில் பால் ஊற்றிப் பூப் போடுவார்கள். அக்கா வருவாரா என்று முதல் நாளே ஒருமுறை கேளுங்கள். வந்தால் பால் சொம்பை அவர் கையில் கொடுங்கள். சிலர் கடல் பக்கம் முகத்தைத் திருப்பவே மாட்டார்கள். அவரும் அப்படியென்றால் நீங்கள் ஊற்றுங்கள், அவர் முதுகுக்குப் பின்னால் நின்று பெயரைச் சொல்லி ஊற்றுங்கள், அவர் காதில் விழும்படி.